வாயை நம்பாதவள்

அந்தப் பெண் கை நீட்டி நான் முதலில் பார்த்தது கணக்குப் பிரிவு சூப்பரின்டெண்டிடம். மர ஸ்கேலை எடுத்து அவர் புறங்கையில் ஒன்று போட்டாள். ஆலையே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர் அவர். ஐம்பது வயது இருக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் கரும்பு மேஸ்திரி. பாகூர் கொம்யூன் ஊர்களிலிருந்தும் கரியமாணிக்கம் பக்கத்திலிருந்தும் அந்தத் தனியார் சர்க்கரை ஆலைக்கு வந்த கரும்பில் பாதியை என் ஆட்கள்தான் வெட்டினார்கள், என் லாரிகள்தான் சுமந்தன. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு கட்டை வண்டியில் தொடங்கி முப்பத்தைந்து வயதில் ஆறு லாரி வைத்திருந்தேன். யாரும் தூக்கிவிடவில்லை. ஆலையில் எந்த அறைக்குள்ளும் செருப்போடு போவேன். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் அந்த ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. குளிர்ந்த அறை ஒன்றில் பெரிய பெட்டி. அதிலிருந்து ஒயர் இழுத்து, கணக்குப் பிரிவு, ஸ்டோர், கேட், எடைமேடை என்று ஐந்து இடங்களில் திரையும் தட்டுகிற பலகையும் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. பெயரைத் தட்டினால் திரையில் தெரியும். பாஸ்வேர்டு தெரியாது. தட்டினோமா இல்லையா என்பது தட்டியவனுக்கே சந்தேகம். மூன்று தடவை தப்பாகிவிட்டால் பெட்டி அந்த ஆளை வெளியே தள்ளிச் சாத்திக்கொள்ளும். மறுபடி திறந்துவிட அவள் ஒருத்தியால்தான் முடியும். உள்ளே போக முடியாதவனை உள்ளே அனுப்புவது, ஏன் போக முடியவில்லை என்று கண்டுபிடிப்பது, அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

சூப்பரின்டெண்ட் அன்று கொதித்துக்கொண்டிருந்தார். எப்போதும்போலத்தான் தட்டினாராம், பெட்டிக்கு அவர்மேல் ஏதோ விரோதமாம். அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"சொல்லாதீங்க சார். செஞ்சி காட்டுங்க."

அவர் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். அறையில் நாங்கள் ஆறு பேர் நின்றோம். அந்த நிமிஷம் அவருடைய ரகசியம் ஆறு பேருக்கும் தெரிந்தது. இதற்கு முன் இரண்டு தடவை எச்சரித்திருந்தாளாம். மூன்றாவது தடவைதான் ஸ்கேல் இறங்கியது. அவர் எழுந்து மேசையில் காகிதத்தின் மேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து அவள்மேல் வீசினார். அது காது மடலைக் கிழித்துச் சுவரில் பட்டுக் கீழே விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்து மேசையில் வைத்தாள். காதிலிருந்து ரத்தம் ஜாக்கெட்டில் சொட்டியது.

"புது வார்த்த ஒண்ண நெனச்சிக்குங்க. இப்ப வாயத் தொறக்காம தட்டுங்க" என்றாள்.

தட்டினார். பெட்டி எடுத்துக்கொண்டது. வாய் ஒரு எழுத்தில் இருக்கும்போதே விரல் அடுத்த எழுத்துக்கு ஓடி, சில எழுத்தை இரண்டு தடவை தட்டியிருக்கிறது. வாயை மூடியதும் விரல் நிதானத்துக்கு வந்துவிட்டது. அவள் அவருடைய வாயைப் பார்க்கவே இல்லை, விரலைத்தான் பார்த்தாள் என்பதை நான் அப்போதே கவனித்துவிட்டேன். ஆளைக் கவனிப்பதில் என்னை மிஞ்சியவன் இல்லை. அதனால்தான் ஆறு லாரி.

குள்ளம், கறுப்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. இடது புருவத்தில் ஒரு தழும்பு. கம்ப்யூட்டர் படிக்கப் புதுச்சேரி டவுனுக்குப் போகக்கூடாது என்று அவள் அண்ணன் துடுப்பால் அடித்த தழும்பு அது. பாகூருக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்துக் குடும்பம். இதையெல்லாம் சொன்னது அவள் அம்மா. கூடையில் மீன் சுமந்து எங்கள் தெருவுக்கு வரும் அம்மா. அடிபட்ட மறுநாளும் துணியால் கட்டுப்போட்டுக்கொண்டு பஸ் ஏறியவள் என்று அந்த அம்மா சொன்னபோது, அது பெருமையா கவலையா என்று எனக்கு விளங்கவில்லை.

ஸ்டோரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஸ்டோர் ஆட்கள் லாரி நம்பர் எழுதி வைப்பதுபோல எல்லாருடைய பாஸ்வேர்டையும் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள், பிள்ளையார் படத்துக்குக் கீழே வரிசையாக. ஸ்டோர்கீப்பர், சாப்பிட்டு வந்தால் பெட்டி தன்னை உள்ளே விடவில்லை என்று மூன்று நாளாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே இருந்த ஐந்து பேரையும் நிறுத்தி, அந்த மூன்று நாளும் எழுந்தது, உட்கார்ந்தது, தண்ணீர் குடித்தது முதற்கொண்டு அப்படியே திரும்பச் செய்யவைத்தாள். நான்காவது ஆள் பழக்கத்தில் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். விளையாட்டுக்குச் சுவரைப் பார்த்து உள்ளே போய் ஸ்டோர்கீப்பரின் வார்த்தையைத் தினமும் மாற்றியவன் அவன்தான். ஈரச் சாக்கை எடுத்துச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஸ்டோர்கீப்பருக்கு அவமானமாகிவிட்டது. "கொடுவா மீனு வித்த கையி, கம்ப்யூட்டர் பாக்க வந்துடிச்சி" என்றான்.

"கொடுவா அறுத்த கையும் இதான். கிட்ட வா" என்றாள் அவள், திரும்பாமல்.

அவன் சடையைப் பிடித்து இழுத்துக் கிரீஸ் டின்கள்மேல் தள்ளினான். அவள் விழுந்த இடத்திலிருந்தே அவன் மணிக்கட்டைக் கடித்தாள். விடவில்லை. நானும் இன்னொருவனும் பிரித்துவிட்டபோது அவள் பல் முழுக்க ரத்தம். எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு மீதிச் சுவரையும் தேய்த்துவிட்டுத்தான் போனாள்.

அவளுக்கு எல்லாவற்றிலும் இதே பிடிவாதம்தான். யார் எது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். வாய் நினைத்ததைச் சொல்லும், கை நடந்ததைத்தான் செய்யும் என்பாள். ஒரு தடவை அவளுடைய பாஸ்வேர்டே எடுக்கவில்லை. அறையை விட்டு வெளியே போனாள், கதவைச் சாத்தினாள், மறுபடி வந்தாள், பையை வைத்தாள், உட்கார்ந்தாள், தட்டினாள். தன் வாயைக்கூட அவள் நம்பவில்லை.

இனி, நான் செய்ததைச் சொல்கிறேன்.

அரவை தொடங்கும் நாளில் ஆலையில் பெரிய பூசை நடக்கும். பாய்லரிலிருந்து கேட் பூட்டு வரைக்கும் சந்தனம், குங்குமம், மாலை. எடைமேடை அறைக்குச் சந்தனம் வைக்கிற உரிமை என்னுடையது, வருஷா வருஷம். குழைத்த சந்தனத்தை ஒரு கை அள்ளி அந்தத் தட்டுகிற பலகையில் அப்பினேன். எடை எழுதும் தெய்வசிகாமணி பக்கத்தில் நின்றான். ஒதியம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒல்லிப் பையன், இருபத்தாறு வயது, அவன் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள்.

"மேஸ்திரி, கொஞ்சமா வைங்க" என்றான்.

சாமி காரியத்தில் குறைத்துப் பேசுகிறவனை எனக்குப் பிடிக்காது. இன்னொரு கை அப்பினேன். பிறகு அவன் மேலே இருந்ததைத் துணியால் துடைத்துவிட்டான். பட்டன்களுக்குள் இறங்கியது அப்படியே நின்று காய்ந்துவிட்டது. அது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

மறுநாள் காலை முதல் லாரி என்னுடையது. பின்னால் ரோடு வரைக்கும் லாரியும் டிராக்டரும் வண்டியும். வெட்டிய கரும்பு வெயிலில் நின்றால் எடை இறங்கும், அது கரும்பு போட்ட ஒவ்வொருவனுக்கும் வயிற்றில் நெருப்பு. தெய்வசிகாமணி பெயரைத் தட்டினான், தெரிந்தது. பாஸ்வேர்டைத் தட்டினான், தப்பு என்றது. மூன்று தடவையும் தப்பு. பெட்டி சாத்திக்கொண்டது. போன் செய்தான். அவள் தன் அறையிலிருந்தே திறந்துவிட்டாள். மறுபடி மூன்று தப்பு, மறுபடி சாத்தல். தானே வருவதாகவும், அதுவரை அவனும் தொடக்கூடாது, வேறு யாரையும் தொடவிடக்கூடாது என்றும் சொன்னாளாம். ஆனால் அதற்குள் கூட்டம் உள் கேட்டை அடைத்துவிட்டது. அவள் பாய்லர் பக்கம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

கையால் எடை எழுதி அனுப்பக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். முந்தைய வருஷம் கையெழுத்து எடையில் ஏமாற்று நடந்து இரண்டு பேர் மண்டை உடைந்தது. இனிமேல் பெட்டி போடுகிற எடைதான் எடை என்று கரும்புக்காரர்கள்தான் எழுதி வாங்கினார்கள். அதில் முதல் கைநாட்டு என்னுடையது.

ஒரு மணி நேரம் போனது. வெளியே கரும்பு அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கவிழ்த்தார்கள். எடைமேடை ஜன்னலில் கல் விழுந்து கண்ணாடி உள்ளே கொட்டியது. முந்தின நாள் சாயங்காலம் தெய்வசிகாமணி எனக்குப் போட்டியான கடலூர்ப் பக்கத்து மேஸ்திரியின் டிரைவரோடு நின்று டீ குடித்ததை என் ஆள் ஒருவன் பார்த்திருந்தான். எனக்கு அது போதும். பாஸ்வேர்டை அவர்களிடம் விற்றுவிட்டான், அவர்கள் மாற்றிவிட்டார்கள், என் கரும்பு காயட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

உள்ளே போய் ஓர் அறை விட்டேன். நாற்காலியோடு விழுந்தான். சட்டையைப் பிடித்துத் தூக்கி ஜன்னல் கம்பியில் தலையை மோதினேன். தட்டுடா என்றேன். தட்டினான். தப்பு என்றது பெட்டி.

"அண்ணே, எம் புள்ள மேல சத்தியமா அதே வார்த்ததாண்ணே" என்றான்.

மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க இரும்பு எடைக்கல் ஒன்று வைத்திருந்தான். அவன் வலது கையை மேசையில் அழுத்திப் பிடித்து அந்தக் கல்லால் குத்தினேன். இரண்டு விரல். கரும்பு கணுவில் ஒடியும் சத்தம் வந்தது. வாழ்நாளெல்லாம் அந்தச் சத்தத்தோடு பிழைத்தவன் நான். அன்றைக்குத்தான் அது என் காதில் தனியாக விழுந்தது.

அவள் வந்தபோது அவன் தரையில் சுருண்டு கிடந்தான். வாசலில் என் ஆட்கள் நாற்பது பேர் வெட்டுக்கத்தியோடு. அவர்களுக்கு நடுவே தோளால் இடித்துக்கொண்டு வந்தாள். அவன் துண்டை எடுத்து விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த ஆளு விரல ஒடச்சிட்ட. இப்ப ஒன் விரலுதான் இருக்குது. ஒக்காரு."

என்னை ஒருமையில் அழைத்து வேலை ஏவியவர்கள் என் அப்பாவுக்குப் பிறகு யாரும் கிடையாது. ஆனாலும் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன். பாஸ்வேர்டு கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பெயர் தட்டுகிற இடத்தில், மேல் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தச் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அழுத்தினால் திரையில் ஏதோ ஒன்று வருகிறதா என்று பார்க்கத் தெரியும், அது போதும் என்றாள். அழுத்தினேன். வந்தது. அடுத்தது, வந்தது. நடு வரிசையில் ஒரு பட்டனை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வரவில்லை. கட்டை விரலை வைத்து நெருக்கினேன். பட்டனின் ஓரத்தில் மஞ்சளாகப் பொருக்கு உதிர்ந்தது.

அந்த எழுத்து அவன் பெயரில் இல்லை. பாஸ்வேர்டில் இருந்தது. அவன் ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் தட்டியிருக்கிறான்.

அவள் கொண்டை ஊசியால் அந்தப் பட்டனை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது இன்னா?"

"சந்தனம்."

"யாரு வச்சது?"

பொய் சொல்லிப் பிழைத்தவன் இல்லை நான். நான்தான் என்றேன்.

சுரண்டித் துடைத்துப் பட்டனை மாட்டினாள். தன் அறைக்குப் போய்த் திறந்துவிட்டாள். தெய்வசிகாமணி இடது கையால் தட்டி உள்ளே போனான். முதல் லாரியின் எடையைப் போட்டுவிட்டுத்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற முடிந்தது. அதுவரை நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்றுவிட்டான். எழுந்தால் அந்த நாற்காலி போய்விடும் என்கிற பயம்.

பயம் நியாயமானதுதான். மதியத்துக்குள் மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஆலைக்கு வருகிற கரும்பில் பாதி என்னுடையது, என்னை அவரால் விட முடியாது. பெட்டி சாத்திக்கொள்கிற ஒவ்வொரு தடவையும் காரணத்தை ஒரு நோட்டில் எழுதுவது அவள் வேலை. அந்த நோட்டு முதலாளிகள் பார்வைக்குப் போகும். அதில், எழுத்தர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார், கலவரத்தில் தடுமாறி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார் என்று எழுதச் சொன்னார். அவன் வேலை போகும், நான் தப்பிப்பேன். அவள் முடியாது என்றாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நீயே பேசிப் பார் என்றார். எப்படிப் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும்.

வெட்டுக்கத்தியோடு போனேன். அந்தக் குளிர்ந்த அறையில் அவள் தனியாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி எழுதற?"

படித்துக் காட்டினாள். எத்தனை மணிக்கு எத்தனை தப்பு, எத்தனை மணிக்குத் திறந்தது எல்லாம் இருந்தது. காரணம், பட்டனுக்கு அடியில் சந்தனம். வைத்தவர் என்று என் பெயர். எழுத்தர்மேல் தவறில்லை. விரல் ஒடித்தவர் என்று மறுபடி என் பெயர்.

"அந்தத் தாளக் கிழி."

"கிழிக்க மாட்டேன் மேஸ்திரி. நீ செஞ்சத நீ செய்யலன்னு எழுத எனக்குத் தெரியாது."

"கொன்னுடுவேன்."

"கொன்னுட்டுப் போ. அப்பவும் அந்த ஆளு சரியாத்தான் தட்டினாரு."

நோட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கினேன், வரவில்லை. நோட்டை வெட்டிவிடலாம் என்று கத்தியை வீசினேன். அவள் முன்கையைக் குறுக்கே வைத்தாள். கத்தி முழங்கைக்குக் கீழே இறங்கி எலும்பில் நின்றது. மேசை முழுக்க ரத்தம் ஓடியது. அவள் வெட்டுப்பட்ட கையை மடியில் அழுத்திக்கொண்டு மற்றக் கையால் பேனாவை எடுத்தாள்.

"மேஸ்திரி, கடியாரம் எனக்குப் பின்னால இருக்குது. மணி இன்னா, பாத்துச் சொல்லு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "ஒண்ணு இருவது" என்றேன்.

அதை எழுதினாள். கை வெட்டு என்று எழுதினாள். வெட்டியவர் என்று எழுதினாள். அதைத்தான் எழுதினாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதையும் எனக்குப் படித்துக் காட்டினாள். பிறகுதான் மயங்கிச் சரிந்தாள்.

கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு யார்டைக் கடந்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வெட்டியவனும் நான்தானே. லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு அப்படியே பாகூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்தேன். கோர்ட்டில் அவள் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். வெட்டுப்பட்ட கையைத் தூக்கி, நான் எங்கே நின்றேன், கத்தி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று செய்து காட்டினாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. தீட்டிய கத்தியோடு போனேன் என்று வக்கீல் சொன்னபோது, தீட்டியது இல்லை, அது வேலைக் கத்தி என்று அவளே மறுத்தாள். இரண்டு வருஷம் உள்ளே இருந்தேன்.

வெளியே வந்தபோது நான்கு லாரிதான் மிச்சம். அடுத்த அரவையில் முதல் நடையாக நானே லாரியில் உட்கார்ந்து ஆலைக்குப் போனேன். எடைமேடையில் தெய்வசிகாமணி இருந்தான். நோட்டு முதலாளிகளிடம் போனதால் அவன் நாற்காலி போகவில்லை. ஆனால் வலது கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் தட்டினான். என்னைப் பார்த்ததும் அந்த விரல் நின்றது. தட்டினான், தப்பு. மறுபடி தப்பு. இன்னும் ஒன்று தப்பினால் பெட்டி சாத்திக்கொள்ளும். பின்னால் வரிசையில் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

அவள் அப்போது அந்த அறையில்தான் ஒயர் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். முன்கையில் நீளமாகத் தழும்பு. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவனிடம் மட்டும், "அண்ணே, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

நான் லாரியை விட்டு இறங்கினேன். அவன் தோள் குறுகியது. நான் அறைப் பக்கம் போகவில்லை. பின்னால் நடந்து, ஹாரன் அடித்த ஒவ்வொரு வண்டியாகப் போய், எஞ்சினை அணைக்கச் சொன்னேன். அணைத்தார்கள். யார்டு முழுக்க அடங்கிப்போயிற்று. வெயிலில் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது, முன்னால் நின்றது என்னுடையது. அந்த ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வாழ்க்கையில் எவனுக்கும் காத்திருக்காதவன் நான். அது முடிகிற வரைக்கும் நின்றேன்.